கேரட்டுக் குழி

பேரிக்காயா? வேணாந்தாயி, நீ தின்னு. இல்ல, நீயும் தின்னாத. அதைப் பையில போட்டு மூடு. வத்தலக்குண்டு தாண்டுனப்பெறகு தின்னுக்க, அதுவரைக்கும் என் கண்ணுல காட்டாத. மொறைக்கலப்பா, என் கண்ணே அப்படித்தான். எனக்குக் கோவமெல்லாம் வராது. ஒச்சம்மாளுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாதுன்னு ஊர்ல சொல்லுவாய்ங்க. சும்மா சொல்றது. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். தவசிக்குத் தோளு எங்க இருக்கு, கழுத்து எங்க இருக்குன்னு பாத்துத்தான் அடிச்சேன். கண்ணு தெரியாதவளா இருந்தா கழுத்துல இல்ல விழுந்திருக்கும்?

எதுக்கு நகண்டு உக்கார்ற? உன்னைய நான் என்ன செய்யப்போறேன். சன்னலை நல்லாத் தொற, காத்து வரட்டும். வளைவு இன்னும் நெறைய இருக்கு. வாந்தி வந்தா சொல்லு, எங்கிட்ட எலுமிச்சம்பழம் இருக்கு.

தவசி யாருன்னா, என் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. நரிப்பள்ளத்துல எங்க காடும் அவன் காடும் ஒட்டி ஒட்டிக் கெடக்கு. கொடைக்கானல்ல எறங்கி இன்னொரு பஸ்ஸு ஏறி மேல வரணும், நீங்க சுத்திப் பாக்க வர்றவுக யாரும் அங்கிட்டு வர மாட்டீக. பதினாறு வருசம் பட்டாளத்துல இருந்துட்டு வந்தான். அவன் வந்த வருசந்தான் என் வீட்டுக்காரரு காய்ச்சல்ல போய்ச் சேந்தாரு. அன்னையிலருந்து என் காட்டுக்கும் அவந்தான் வாய்க்கா வெட்டுவான், மருந்தடிப்பான். நான் கூப்பிட்டதில்ல, அவனா வருவான். மதினி மதினின்னு வருவான். பட்டாளத்துக்காரன்னு சொன்னா நீ நம்ப மாட்ட, ஒரு கோழியை அறுக்கச் சொன்னா அங்கிட்டுப் போயிருவான். அவன் பொண்டாட்டி சிட்டுதான் அறுக்கணும்.

நான் அப்படி இல்ல. எனக்கு எதுவும் கையிலயே தீந்துறணும். இவரு இருக்கையில ஒருநா கொழம்புல உப்பு இல்லன்னு தட்டைத் தள்ளுனாரு, ஆப்பையாலயே போட்டேன், முன்னம்பல்லு ஒண்ணு போச்சு. அதுக்கப்புறம் சாகுறவரைக்கும் உப்பைப் பத்திப் பேசவே இல்ல. கேரட்டு எடுக்க வந்த ஒரு ஏவாரி தராசுல வெரலை வச்சான், தராசைப் பிடுங்கி ஓடையில எறிஞ்சேன். எடைக்கல்லை அவன் மேல எறிஞ்சேன், குனிஞ்சுட்டான். இதெல்லாம் கோவமா சொல்லு? ஒத்தப் பொம்பளை காடு வச்சுப் பொழைக்கணும்னா கை ஓங்கத் தெரியணும்.

போன ஆனியில கேரட்டு நல்லா வெளஞ்சு நிக்கி. எங்க காட்டுல அப்படி ஒரு கேரட்டு வெளஞ்சதே இல்ல. ஆனா வெலை இல்ல. பறிச்ச கூலிக்குக் கட்டாதுன்னு மேக்காட்டுல ஒருத்தன் மாட்டை விட்டு மேய்ச்சுட்டான். நானும் பறிச்சு ரோட்டுல கொட்டிருவேன்னு குதிக்கேன். அப்பத்தான் தவசி சொன்னான். மதினி, காசுமீரத்துப் பக்கம் பனி கொட்டுறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள அறை மாதிரி குழி வெட்டி கேரட்டு, கிழங்கு, முள்ளங்கி எல்லாத்தையும் உள்ள வச்சு மூடிருவாக. மாசக்கணக்குல கெடக்கும், இப்பப் பிடுங்குன மாதிரி இருக்கும். நம்ம ஊருக் குளுருக்கு ரெண்டு மாசம் தாங்குனாக்கூடப் போதும், வெலை ஏறுனதும் எடுத்துருவோம்னான்.

பைத்தியமாடா உனக்கு, பொணத்தைப் பொதைக்கிற மாதிரி கேரட்டைப் பொதைக்கச் சொல்றன்னேன். சிரிச்சான். மறுநா காலையில கடப்பாரையோட வந்து நிக்கான்.

ஒம்பது நாளு வெட்டுனோம். வீட்டுக்குப் பின்னாடி வடக்குப் பாத்த சரிவு, வெயிலு விழுகாத எடம். சரிவுக்குள்ள குடைஞ்சு, ஆளு நிமிந்து நிக்கிற ஒசரம், நாலு பேரு படுக்குற அகலம். ரெண்டு பக்கமும் கல்லை அடுக்கினான், சிமெண்டு இல்லாம வெறுங்கல்லு. மேல சில்வர்ஓக்கு மரத்தை வரிசையாப் போட்டு, அதுக்கு மேல தகரம், தார்ப்பாய், அதுக்கு மேல முழங்கை ஒசரம் மண்ணு, மண்ணு மேல புல்லைப் பத்தை பத்தையாப் பேத்து வச்சோம். வெளியிலருந்து பாத்தா அங்க ஒரு அறை இருக்குன்னே தெரியாது. தரையை அப்படியே மண்ணாத்தான் விட்டான். மண்ணு ஈரம் கேரட்டுக்கு வேணுமாம். ஓரத்துல சரளை போட்டு ஒரு வடிகாலு. அப்புறம் ரெண்டு குழாய். ஒண்ணு கதவுக்கிட்டத் தரையை ஒட்டி, இன்னொண்ணு பின்னாடி மேக்கூரையில. கீழ்க் குழாய்ல குளுந்த காத்து உள்ள வரும், மேல் குழாய்ல சூடு வெளிய போயிரும்னான். எலி வராம குழாய் வாயில வலை கட்டினான். விடிகாலை கதவைத் தொறந்து குளுரை உள்ள விடணும், வெயிலு ஏறுறதுக்குள்ள சாத்திறணும். அதை அவனே பாத்துக்கிடுறேன்னான். கதவுக்கு ஒரு சாவி எங்கிட்ட, ஒரு சாவி அவங்கிட்ட.

வெட்டுறப்ப ஒரு பெருச்சாளிப் பொந்து உடைஞ்சுச்சு. தாயும் ஆறு குட்டியும். குட்டிக்குக் கண்ணே தொறக்கல. நான் மண்வெட்டிப் பின்பக்கத்தால அங்கனயே அடிச்சு நசுக்கினேன், ஏழெண்ணத்தையும். பின்ன என்ன செய்வாக, தொட்டிலு கட்டி ஆட்டுவாகளா? தவசி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். ஓரமா எடுத்து விட்டிருக்கலாமே மதினின்னான். அதுக்கு நான் சொன்னேன், எதிராளியைச் சுட்டுத்தானே சம்பளம் வாங்குன, இப்ப என்னடா எலிக்கு அழுகுறன்னு. அன்னைக்கு மத்தியானம் சோறு திங்காம கல்லு அடுக்குனான். எனக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு இருந்துச்சு. மன்னிப்புக் கேக்கணும்னு தோணல, விட்டுட்டேன்.

கம்பியைப் பிடி, பெரிய வளைவு. ஆங்.

கேரட்டைப் பறிச்சு, தழையை ஒட்ட வெட்டி, பெட்டியில ஈரமணலு ஒரு அடுக்கு, கேரட்டு ஒரு அடுக்கு, ஒண்ணை ஒண்ணு தொடாம வச்சோம். எடது பக்கம் பூராவும் என் கேரட்டு. வலது பக்கம் அவன் பீட்ரூட்டு. ஒரு மாசம் கழிச்சு ஒண்ணை எடுத்து ஒடிச்சேன் பாரு, டப்புன்னு சத்தம் வருது. இனிப்புன்னா அப்படி ஒரு இனிப்பு. தவசி அந்தக் கேரட்டை வாங்கிட்டுப் போயி சிட்டுகிட்டக் காட்டுனான். பச்சைப்புள்ளை மாதிரி வீடு வீடாக் காட்டுனான்.

ஆவணியில பேரிக்காய் வந்துச்சு. எங்க வரப்புல நாலு மரம் நிக்கி. அதுக்கும் வெலை இல்ல. நாலு மூடை கெடக்கு வீட்டுல, பழுத்துப் பழுத்து ஈ மொய்க்குது. குழிக்குள்ள வைக்கவாடான்னு கேட்டேன். வேணாம் மதினி, அங்க பழத்தைத் தனியாத்தான் வைப்பாக, காய்கிழங்கோட வைக்க மாட்டாகன்னான். ஏன்னு கேட்டேன். ஏன்னு தெரியல, வைக்க மாட்டாகன்னான். ஏன்னு தெரியாதவன் எதுக்குடா எனக்குச் சொல்லுற, குழி யாரு காட்டுல இருக்குன்னு கேட்டேன். உங்க காட்டுலதான் மதினின்னான். அந்த வாரம் சிட்டு ஊருல கோயில் கொடைன்னு ரெண்டு பேரும் அஞ்சு நாளு போனாக. நான் நாலு மூடையையும் தூக்கிட்டுப் போயி கேரட்டுப் பெட்டிக்குப் பின்னாடி வச்சு, சாக்கைப் போட்டு மூடிட்டேன். அவனுக்குப் பயந்து மூடலை. ஈ வருமேன்னு மூடினேன்.

புரட்டாசியில வெலை ஏறுச்சு. ஒட்டன்சத்திரத்து ஏவாரி லாரியோட வந்துட்டான். ஊருல யாருகிட்டயும் கேரட்டு இல்ல, எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. ரோட்டுல பத்துப் பதினஞ்சு பேரு வேடிக்கை பாக்குறாய்ங்க. நான் புதுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கிறேன். ஏவாரி பெட்டியில ஒரு கேரட்டை எடுத்துத் தொடைச்சான், கடிச்சான். கடிச்சதும் மூஞ்சி கோணிப் போச்சு. தூன்னு துப்புனான். என் காலுக்கிட்டத் துப்புனான் தாயி. ஏம்மா, இதுல என்னத்தை ஊத்துன, மருந்து மாதிரி கசக்குதேங்கிறான். இன்னொரு பெட்டி, இன்னொரு பெட்டி, எல்லாத்தையும் கடிச்சுக் கடிச்சுத் துப்புறான். கூட்டத்துல எவனோ சிரிக்கான்.

நானும் கடிச்சேன். வேப்பங்கொழுந்து மாதிரி நாக்குலயே நிக்கி.

சரி, அதோட போயிருந்தாக்கூட இருந்திருப்பேன். ஏவாரி அடுத்தாப்புல பீட்ரூட்டைக் கீறிப் பாக்குறான். தின்னு பாக்குறான். இது நல்லா இருக்கே, இதை ஏத்துங்கிறான். ஒரே குழி, ஒரே கதவு, ஒரே காத்து. எடது பக்கம் இருக்குற எனக்குக் கசப்பு, வலது பக்கம் இருக்குற அவனுக்கு இனிப்பு. என் பெட்டி லாரியிலருந்து எறங்குது, அவன் பெட்டி லாரியில ஏறுது. நீயா இருந்தா என்ன நெனைப்ப? சொல்லு. தெனம் விடிகாலை உள்ள போறது யாரு? சாவி யாருகிட்ட இருக்கு?

அவன் பாக்கிப் பெட்டியை எடுக்கக் குழிக்குள்ள போயிருந்தான். வரப்புல மண்வெட்டி கெடந்துச்சு. எடுத்தேன். ஓடவெல்லாம் இல்ல, நடந்துதான் போனேன். நாலு படி எறங்கணும். ரெண்டாவது படியில என் நெழலு உள்ள விழுந்துருச்சு போல. அவன் குனிஞ்சு பெட்டியைத் தூக்கிக்கிட்டு இருந்தவன், திரும்பிக்கூடப் பாக்கல. பாத்து எறங்குங்க மதினி, படி வழுக்கும்னான்.

அந்தக் கொரலு எப்படி இருந்துச்சுன்னா, எப்பவும் போல இருந்துச்சு. அதுலதான் எனக்குத் தலைக்கு இன்னும் ஏறிருச்சு. எனக்கு வெசத்தை ஊத்திட்டு என்னமா நடிக்கிறான்னு நெனச்சேன். ஓங்கி எறக்குனேன். வலது தோளுக்கும் முதுகுக்கும் நடுவுல. மண்வெட்டி உள்ள போயி எலும்புல நின்னுருச்சு. இழுத்தா வரல. காலை வச்சு மிதிச்சுத்தான் இழுத்தேன். பீட்ரூட்டு உருண்டு ஓடுது, ரத்தத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல. இன்னொண்ணு போட ஓங்குனேன். மேக்கூரை குட்டை, மரத்துல இடிச்சுருச்சு. இல்லேன்னா போட்டிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்.

அவன் கத்தல. உக்காந்தான். மதினி, ஏன்னு மட்டுங்கேட்டான். அப்புறம் மணலு மேல சாஞ்சுட்டான்.

லாரியிலயே தூக்கிப் போட்டுக் கொண்டு போனாய்ங்க. பீட்ரூட்டுப் பெட்டிக்கு மேல படுக்க வச்சு. ஏவாரி என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேக்கான். நான் வாயைத் தொறந்து நாந்தான் வெட்டுனேன்னு சொல்ல வர்றேன், அதுக்குள்ள தவசி சொல்றான், கதவு நெலைக்கட்டை பேந்து விழுந்துருச்சுன்னு. அந்த நெலையை அடிச்சவனே அவந்தான். அசைக்க முடியாத நெலை. இப்பவும் அப்படியே நிக்கி.

எனக்கு ஆத்தாமை தாங்கல. நான் அடிச்ச அடியை ஒரு மரக்கட்டை அடிச்சதுன்னு சொல்லிட்டானே. மறுநா டேசன்லருந்து ஒரு ஏட்டு வந்து நெலையைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. ஐயா, நாந்தான் அடிச்சேன், எழுதிக்கங்கன்னேன். அவரே நெலை விழுந்துச்சுன்னு சொல்லிக் கைநாட்டு வச்சுட்டாரு, நீ எதுக்கும்மா வம்பை வெலைக்கு வாங்குற, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னுட்டுப் போயிட்டாரு.

சிட்டு வருவா, மயிரைப் பிடிச்சு உலுக்குவான்னு இருந்தேன். முந்தியை இழுத்துச் சொருகிக்கிட்டு வாசல்லயே நிக்கேன். வந்தா. அக்கா, மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாக, எப்ப வருவேன்னு தெரியாது, கோழிக்குத் தீனி போட்டுருங்கன்னா. அவ்வளவுதான் பேசுனா. சாவியைக் கையில குடுக்காம திண்டு மேல வச்சுட்டுப் போனா.

நான் விடுறதா இல்ல. அவன் வெசம் வச்சதை நிரூபிக்கணும்ல? கசந்த கேரட்டு ஒரு பையி எடுத்துக்கிட்டுத் தோட்டக்கலை ஆபீசுக்குப் போனேன். ஒரு பொம்பளைப் புள்ளை உக்காந்திருந்துச்சு, உன் வயசுதான் இருக்கும். இதுல என்ன மருந்து ஊத்திருக்குன்னு எழுதிக் குடுன்னேன். அது ஒரு துண்டு கடிச்சுப் பாத்துச்சு. எங்கம்மா வச்சிருந்தீங்கன்னுச்சு. குழியைச் சொன்னேன். ரெண்டு குழாயைச் சொன்னேன். அடேயப்பா, இவ்வளவு சரியா யாரும்மா கட்டுனதுன்னு கேட்டுச்சு. நான் கேரட்டுப் பையை அது பக்கம் தள்ளுனேன். கூட வேற என்ன வச்சிருந்தீங்கன்னுச்சு. பீட்ரூட்டு. வேற? வேற என்ன, நாலு மூடை பேரிக்காயின்னேன்.

பேனாவைக் கீழ வச்சுருச்சு.

பேரிக்காய் பழுக்கறப்ப ஒரு வாயு விடுமாம். கண்ணுக்குத் தெரியாதாம். மூடுன எடத்துல அது கேரட்டுல எறங்குனா கேரட்டு கசந்துருமாம். பீட்ரூட்டை ஒண்ணும் பண்ணாதாம். யாரும் எதுவும் ஊத்தலம்மா, நீங்கதான் வச்சிருக்கீங்கன்னுச்சு. எனக்கு வந்துச்சு பாரு, மேசையில இருந்த பேப்பரையெல்லாம் ஒரே தள்ளு. அந்தப் புள்ளை சுவத்தோட போயி ஒட்டிக்கிருச்சு. தவசி உனக்கு என்னடி குடுத்தான்னு கேட்டேன். அதுக்கு தவசி யாருன்னே தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். அந்தப் புள்ளை பொய் சொல்லுதுன்னு காட்டணும். சந்தையில நல்ல கேரட்டா நாலு வாங்கினேன். நாக்குல வச்சுப் பாத்துத்தான் வாங்கினேன். ரெண்டை ஒரு பானையில ஈரமணலோட போட்டு மூடினேன். ரெண்டை இன்னொரு பானையில, கூட மூணு பேரிக்காய். பதினஞ்சு நாளு தொடல. தவசிக்கு அங்க ரெண்டாவது ஆப்பரேசன் முடிஞ்சுச்சுன்னு சிட்டு போன்ல சொன்னா. நரம்பு அத்துப்போச்சு அக்கா, வலது கை இனி தூக்க வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னா. வச்சுட்டா. நான் அப்பவும் பானையைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

மூணு நாளைக்கு முன்னாடி தொறந்தேன். மொதப் பானை கேரட்டு நல்லா இருந்துச்சு. ரெண்டாவது பானை கேரட்டைக் கடிச்சேன்.

கசந்துச்சு தாயி.

துப்பல. அதை முழுசாத் தின்னேன். அடுத்ததையும் தின்னேன். அப்புறம் கடப்பாரையை எடுத்துக்கிட்டுக் குழிக்குப் போனேன். இடிச்சுத் தள்ளணும்னு போனேன். ஒரு கல்லு பேக்க முடியல. அவன் அடுக்குனது அப்படி. படியில உக்காந்து அழுதேன். என் வீட்டுக்காரரு செத்தப்பக்கூட நான் அப்படி அழுகல. என் கூடப்பொறந்தவனா இருந்தாக்கூட இத்தனை வருசம் கூப்பிடாம வந்து நின்னிருப்பானா? அவனைப் போயி மாட்டை வெட்டுற மாதிரி வெட்டிட்டேனே.

காலுல என்னமோ இடிக்குதா? அந்தச் சாக்கைத் தள்ளி விட்டுக்க. மண்வெட்டிதான். கூச்சல் போடாத, கண்டக்டருக்குத் தெரிஞ்சா எறக்கி விட்டுருவான். தேய்ச்சுக் கழுவிட்டேன், காம்பு மட்டும் கறை போகல.

அதுக்குத்தான் மதுரைக்குப் போறேன். மன்னிச்சுருன்னு கேக்க எனக்கு வராது. கேட்டும் பழக்கமில்ல. கேட்டாலும் அவன் சரிங்க மதினின்னுருவான், அது எனக்கு எதுக்கு? நேரா அவன் கட்டிலுக்குப் போறேன். சாக்கைப் பிரிச்சு இதை அவன் கையில குடுக்குறேன். முதுகைக் காட்டிக் குனிஞ்சு நிக்கிறேன். தவசி, நான் அடிச்ச மாதிரியே ஒண்ணு போடு. அதே எடம், அதே வேகம். போடலேன்னா நான் எந்திரிக்க மாட்டேன், இங்கயே குனிஞ்சு கெடப்பேன்னு சொல்லப்போறேன். ஆஸ்பத்திரிதானே, தூக்கி அங்கனயே ஒரு கட்டில்ல போடுவாக. ஏட்டு வந்து கேட்டா நெலைக்கட்டை விழுந்துச்சுன்னு நானும் சொல்லிட்டுப் போறேன். அதோட அவனும் நானும் சரிக்குச் சரி. அப்புறம் பழையபடி காட்டுக்கு வருவான், போவான். மதினின்னு கூப்பிடுவான். அந்த ஒரு சொல்லு போதும் எனக்கு.

என்ன கேட்ட? சத்தமாக் கேளு, வண்டி எரைச்சல்ல காதுல விழுகல.

எந்தக் கையாலயா?

எந்தக் கையாலன்னா...

டாக்டரு சொன்னதை நாந்தானே உங்கிட்டச் சொன்னேன். ஆமா, இப்பத்தான் சொன்னேன்.

இவ்வளவு தூரம் வாயைத் தொறக்காம வந்தியே தாயி, இதையும் கேக்காம வந்திருக்கலாம்ல. மூணு நாளா ராப்பகலா இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அந்த நெனப்புல அவன் ரெண்டு கையாலயுந்தான் ஓங்குறான்.